அண்ணன் கைக்கு ஒரு அகப்பை

இல்ல சார், கடலை வேண்டாம்னு சொல்லல. கையை மாத்திக் குடுங்கன்னுதான் சொன்னேன். தப்பா நினைச்சுக்கிடாதீங்க. சோத்துக்கையில செடித்தொட்டியப் பிடிச்சிருக்கீய, தெரியுது. இந்த பஸ்ஸு ஆடுற ஆட்டத்துல தொட்டி சாஞ்சா மண்ணு பூரா உங்க மடியிலதான். ஆனா பாருங்க, பீச்சக்கையால யாராவது திங்கக் குடுத்தா என்னால வாங்க முடியாது. சின்னதுல இருந்தே வந்த பழக்கம். உங்க கோயம்புத்தூர் பக்கம் எப்படியோ, எங்க பக்கம் அப்படி. நீங்க சாப்பிடுங்க.

நான் வீரவநல்லூர்ல இறங்கணும். அண்ணன் வீட்டுக்குப் போறேன். போயி மூணு மாசமாச்சு. இதே ரோட்டுல வாரத்துக்கு ஒருக்கா தாமிரக் கம்பி வாங்க திருநெல்வேலி போறேன், வாரேன். அந்த ஸ்டாப்பு வந்தா மட்டும் இந்தப் பக்கமாத் திரும்பி வயலைப் பாத்துக்கிட்டு இருந்துருவேன். இன்னைக்குத்தான் இறங்கப் போறேன். அதான் வாயி ஓயாமப் பேசுது.

நீங்க வெளியூர்க்காரரு, எங்க ரெண்டு பேரையும் தெரியாது. நியாயத்தை நீங்களே சொல்லுங்க. எங்க குடும்பத்துல சின்னது பெருசு எல்லாம் சேத்து நாப்பது பேரு. எல்லார்கிட்டயும் கேட்ட மனுஷன், எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேக்கல. இதுதான் என் வழக்கு. என்ன கேட்டாருன்னு பொறவு சொல்லுதேன். முதல்ல நடந்ததைச் சொல்லணும்லா.

என் பேரு மாசானம். அம்பாசமுத்திரத்துல மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்கேன். கிணத்து மோட்டாரு, கிரைண்டரு, மிக்சி, எது எரிஞ்சு வந்தாலும் ஓட வச்சு அனுப்புவேன். கைவேலையில நம்மள அடிச்சிக்கிட ஆளு கிடையாது. இதை நானே சொல்லக்கூடாது, நீங்க யார்ட்டனாலும் கேட்டுப் பாருங்க. அண்ணன் பேரு பட்டமுத்து. என்னைவிட ஒம்பது வயசு மூப்பு. கல்யாணச் சமையல் மாஸ்டர். ஆயிரம் பேரு பந்தின்னாலும் பதறாம நின்னு இறக்கிருவாரு. எங்க அம்மா நான் சின்னப்பிள்ளையா இருக்கையிலயே போயிட்டா. அண்ணன்தான் எனக்கு எல்லாம். ஒருக்கா புளியமரத்துல இருந்து விழுந்து இந்தச் சோத்துக்கை ஒடிஞ்சு ரெண்டு மாசம் மாவுக்கட்டோட கெடந்தேன். அப்ப எனக்கு யாரு கரண்டி செஞ்சு குடுத்தா? மூணு வேளையும் அண்ணன்தான் ஊட்டுவாரு. மத்தியானம் தூக்குவாளியோட பள்ளிக்கூடத்துக்கே வந்து, எல்லாப் பயலுவளும் பாக்க ஊட்டிட்டுப் போவாரு. எனக்கு வெக்கமாப் போயிரும். சரி, அது இந்தக் கதையில சேராது, விடுங்க.

போன தை மாசம் அண்ணனுக்கு வாதம் வந்துட்டு. ஒரு கல்யாண வீட்டுல சாம்பாருக்கு உப்புப் பாக்கக் குனிஞ்சவரு, அப்படியே சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரியில இருந்து வரையில காலு ஓரளவு தேறிட்டு, பேச்சு தேறிட்டு, சோத்துக்கை மட்டும் தேறல. தோள்ல இருந்து தூக்குவாரு, ஆனா விரலு மடங்காது. கிள்ளினாலும் தெரியாது. அத்தனை பேருக்கு அள்ளிப் போட்ட கை சார், தொடை மேல சும்மா கிடக்கும். பாக்கவே எனக்கு அழுகை வரும். அண்ணனும் என்னைமாதிரிதான், பீச்சக்கையால சோத்தைத் தொட மாட்டாரு. அதனால ஆவுடை மதினி, அண்ணன் சம்சாரம், ஒரு எவர்சில்வர் கரண்டிக்குக் காம்புல சைக்கிள் ட்யூபைச் சுத்தி நழுவாம இருக்கிறமாதிரி பண்ணி வச்சிருந்தா. அதைப் பீச்சக்கையில பிடிச்சுச் சாப்பிடுவாரு. சோத்துல கை படாதுலா, கரண்டிதான படுது.

இப்ப ஆடி அமாவாசைக்கு வாரேன். எங்க குடும்பம் மொத்தமும் அதுக்கு மலைக்குப் போகும். காட்டுக்குள்ள ஆத்தங்கரையில அய்யனார் கோயில். போனோம் கும்பிட்டோம் வந்தோம்னு இல்ல, அஞ்சு நாளு தங்கல். கம்பு ஊனி, தட்டி கட்டி, ஓலை போட்டு, வீட்டுக்கு ஒரு குடில் போட்டுக்கிடுவோம். மூணு கல்லைக் கூட்டினா அடுப்பு. ஆத்துல குளிக்க, ஆத்துத் தண்ணியில பொங்க, பாறையில துணி காயப்போட. அந்த அஞ்சு நாளைக்காகத்தான் மத்த நாள்ல வேலை பாக்கமோன்னு தோணும்.

அமாவாசை அன்னைக்கு மத்தியானம் படையல். அந்தச் சோத்தைக் குடும்பத்துல மூத்தவரு தன் கையால பிசைஞ்சு, ஆளுக்கு ஒரு உருண்டை உருட்டிக் குடுக்கணும். அது கையில விழுந்த பொறவுதான் மத்த யாரும் இலையில உக்காரலாம். முதல் உருண்டை கடைசித் தம்பிக்கு. எங்க அப்பா எங்க சித்தப்பாவுக்குக் குடுத்தாரு. அப்பா போன பொறவு இருபத்திரண்டு வருஷமா அண்ணன் எனக்குக் குடுக்காரு. மத்தவங்களுக்கு எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். எனக்கு மட்டும் ரெண்டு கையும் சேத்து ஏந்தணும். அந்த உருண்டையில இருக்க ருசி வேற எதுலயும் கிடையாது சார், சத்தியமாச் சொல்லுதேன்.

இந்த வருஷம் எல்லார் மனசுலயும் ஒரே கேள்விதான். அண்ணன் கை இப்படி இருக்கையில உருண்டைய யாரு குடுக்க? மூத்தவரு உசுரோட இருக்கையில அடுத்தவன் குடுக்கக் கூடாது. ஒவ்வொருத்தரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் ஒருத்தன்தான் உருப்படியா ஒரு வழி பாத்தேன்.

செல்போன்ல ஒரு வெள்ளக்காரன் வாரான் பாத்திருக்கீயளா? தாடி வச்சிருப்பான். பனிக்குள்ள கூடாரம் போட்டுக்கிட்டு, கையில ஒரு கத்தி, ஒரு கட்டை. பேசவே மாட்டான். சீவுவான், சீவுவான், அரை மணி நேரத்துல கரண்டி ஆயிரும். அதுலயே கஞ்சி காய்ச்சிக் குடிப்பான். குழி தோண்ட உளி இல்லேன்னா, கட்டை மேல தணலை வச்சு ஊதிக் கருக்குவான், கருகினதைச் சுரண்டுவான். ராத்திரி பகல்னு இல்லாம அதையே பாப்பேன். எம் பொண்டாட்டி சண்முகக்கனி, "அவனையே கட்டிக்கிட வேண்டியதுதான"ன்னு ஏசுவா. எனக்கு ஆனா அவனைப் பாக்கப் பாக்க ஒண்ணு புரிஞ்சுது. அண்ணன் கைக்கு ஏத்தமாதிரி ஒரு அகப்பை செஞ்சிட்டா, அந்தக் கையாலயே உருண்டை குடுத்துரலாம்லா? ஒரு கத்திய எடுத்து மடியில கட்டிக்கிட்டேன்.

மலைக்கு ஏறுற இடத்துல செக்போஸ்ட்டு. பிளாஸ்டிக் கொண்டு போகக் கூடாது. தட்டு, டம்ளர், கவரு, எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டுட்டுத்தான் போகணும். கார்டு ஒவ்வொரு பையா அவுத்துப் பாத்தாரு. அண்ணன் கரண்டிய எடுத்துத் திருப்பிப் பாத்துட்டு, "இது ட்யூபுதான, கொண்டு போங்க"ன்னாரு. நான்தான், "இல்ல சார், ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்"னு சொல்லிப் பெட்டிக்குள்ள போட்டேன். மதினி பதறிட்டா. "தம்பி, அவுக எதாலத் திம்பாக?"ன்னா. "நான் இருக்கேம்லா மதினி, காடு பூரா கட்டை கிடக்கு, வேளைக்கு ஒரு கரண்டி செஞ்சு தாரேன்"னேன். அண்ணன் வேனுக்குள்ள இருந்தாரு. பாத்துக்கிட்டு மட்டும் இருந்தாரு.

காட்டுல பச்சை மரத்துல கத்தி வைக்கக் கூடாது. அதனால அடுப்புக்குக் கொண்டு போன விறகுக்கட்டுல இருந்து ஒரு நல்ல கட்டையா உருவினேன். பாறையில உக்காந்து சீவ ஆரம்பிச்சேன். அந்த வெள்ளக்காரனுக்கு அரை மணி நேரம் ஆச்சுல்லா, எனக்கு மத்தியானத்துல இருந்து பொழுது சாய்ற வரைக்கும் ஆச்சு. ஆனா அழகா வந்துது. அன்னைக்குக் கோயில்ல குடுத்த பாயசத்தை அதுலதான் அண்ணன் குடிச்சாரு. முதல் வாய்லயே முகம் ஒருமாதிரி போச்சு. பொறவுதான் தெரிஞ்சுது, அது வேப்பங்கட்டை. பாயசத்தையே கசக்க வச்சவன் நானாத்தான் இருப்பேன்னு சண்முகக்கனி சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அண்ணன் முழுசாக் குடிச்சு முடிச்சுட்டு, "நல்லாருக்குலே"ன்னாரு. கேட்டீயளா? அவரு வாயாலயே சொன்னாரு.

ரெண்டாவது புளியங்கட்டை. அது சும்மா இரும்பு. தணல் வச்சு ஊதி ஊதி எனக்குக் கண்ணு இருட்டிட்டு. குழி சரியா விழாம தட்டையா வந்துட்டு, கஞ்சிய அள்ளினா வாய்க்குப் போறதுக்குள்ள எல்லாம் நெஞ்சுல வடிஞ்சுது. மூணாவது, நுனியில சிலும்பு நிமிந்து அண்ணன் உதட்டைக் கிழிச்சிட்டு. லேசாத்தான், ரெண்டு சொட்டு ரத்தம். வேலைன்னா நாலு தப்பு வரத்தான செய்யும்? கடையில எத்தனை மோட்டார் காயிலைச் சுத்திச் சுத்திப் பிரிச்சிருப்பேன்.

மதினி என்ன பண்ணினா தெரியுமா? கோயிலுக்குப் போற வழியில ஒரு பலாமரம். உதுந்து கிடந்த இலையில நாலு நல்லதாப் பொறுக்கிட்டு வந்தா. இலையச் சுருட்டி, ஒரு ஈர்க்கை வச்சுக் குத்தினா. கண்ணு மூடித் திறக்கையில கரண்டி. அண்ணன் அதைப் பீச்சக்கையில பிடிச்சு, கஞ்சிய மடக்கு மடக்குன்னு குடிக்க ஆரம்பிச்சிட்டாரு. சாப்பிட்டுட்டு இலையத் தூர எறிஞ்சிட்டா அடுத்த வேளைக்குப் புதுசு. எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. நான் விரலை வெட்டிக்கிட்டு மூணு நாளாச் செதுக்குதேன், இவ இலையச் சுருட்டிட்டுப் போறா. "மதினி, இலையச் சுருட்டினா அது கரண்டியா, மாட்டுக்குக் கசாயம் ஊத்துறமாதிரில்லா இருக்கு"ன்னேன். சிரிப்புக்குத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கல. அண்ணன் மிச்சக் கஞ்சிய வேண்டாம்னு வச்சிட்டாரு. ஏன் வச்சாருன்னு தெரியல, பசி அடங்கியிருக்கும்.

இதுக்கு இடையில நான் அகப்பை வேலைய யாருக்கும் தெரியாம முடிச்சிட்டேன். நல்ல முத்தின தேங்காச் சிரட்டையா ஒண்ணு எடுத்து, கண்ணாடித் துண்டால வழுவழுன்னு சுரண்டினேன். ஆத்துல அடிச்சு வந்த ஒரு வளைஞ்ச கம்பு கிடைச்சுது. அதைக் காம்பாக்கினேன். சும்மா காம்பு இல்ல சார். அண்ணன் முழங்கைக்குக் கீழ படிஞ்சு உக்காருற மாதிரி பள்ளம் எடுத்து, ரெண்டு இடத்துல நாரு போட்டுக் கட்டக் காடி வெட்டினேன். விரலு மடங்கவே வேண்டாம். கையோட கையா அது நிக்கும். தோளைத் தூக்கினாப் போதும், அள்ளலாம், போடலாம். அதை முடிச்சு ஆத்துத் தண்ணியில கழுவிக் கையில பிடிச்சப்ப எனக்கு நெஞ்சு பூரிச்சுப் போச்சு. எங்க அண்ணன் இந்த வருஷமும் சோத்துக்கையாலதான் குடுப்பாருன்னு நினைக்கையில கண்ணுல தண்ணி வந்துட்டு. இதுல என்ன சார் கெட்ட எண்ணம் இருக்கு? சொல்லுங்க.

அமாவாசை அன்னைக்கு மத்தியானம். படையல் ஆச்சு. சோத்துப் பானை அப்பதான் அடுப்புல இருந்து இறங்கியிருக்கு. எல்லாரும் சுத்தி நிக்காங்க. அண்ணன் குளிச்சு, திருநீறு பூசி, பானை முன்னால சம்மணம் போட்டு உக்காந்தாரு. அவரு ஏதோ பேசப் போறமாதிரி எல்லாரையும் ஒரு பார்வை பாத்தாரு. நான் துண்டுக்குள்ள இருந்து அகப்பைய எடுத்தேன். "எல்லாரும் பாருங்க"ன்னேன். அண்ணன் கையப் பிடிச்சு, காம்பை வச்சு, நாரைப் போட்டு இறுக்கிக் கட்டினேன். அண்ணன் மெதுவா, "வேண்டாம்லே"ன்னாரு. கூச்சப்படுதாருன்னு நினைச்சேன். ரெண்டாந்தரமும் "வேண்டாம்லே மாசானம்"னாரு. "நீங்க சும்மா இருங்கண்ணே, நான் இருக்கேன்"னு சொல்லி, நான்தான் முழங்கையப் பிடிச்சுப் பானைக்குள்ள முக்கினேன்.

அள்ளிட்டு சார்! ஒரு அகப்பை சோத்தை அள்ளிட்டு! நான் திரும்பி எல்லாரையும் பாத்தேன். ஒருத்தரு கை தட்டினா என்ன? ரெண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் உள்ள விட்டு அழுத்தினேன். ஆவி மூஞ்சியில அடிக்குது. அப்ப மதினி போட்டா பாருங்க ஒரு கத்து. காடே திரும்பிப் பாத்துது. அண்ணன் புறங்கை பானை விளிம்புல அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. தூக்கினா, தோலு வழண்டு வருது.

சுட்டா ஒரு வார்த்தை சொல்லணும்லா? "ஏலே சுடுது"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எடுத்திருக்க மாட்டேனா? அப்படியே உக்காந்திருக்காரு. மதினி நாரை அறுத்து, ஆத்துத் தண்ணிய ஊத்துதா, அழுதா. அண்ணன் தன் கையை, என்னமோ பக்கத்துல இருக்கிற யார் கையையோ பாக்கிறமாதிரி பாத்துக்கிட்டு இருக்காரு. ஆமா சார். தெரியும். அந்தக் கைக்குச் சூடு தெரியாதுன்னு எனக்குத் தெரியும். முதல்லயே உங்ககிட்டச் சொன்னேம்லா, கிள்ளினாலும் தெரியாதுன்னு. அந்த நேரத்துல ஞாபகம் வரல.

இதோட போயிருந்தா சரி. வெந்த கைக்கு மருந்து போட்டா ஆறிரும், ஆறியும் போச்சு. இதுக்கு மேலதான் நான் இன்னைக்கு வரைக்கும் மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கேன்.

அண்ணன் மதினிய விலக்கிவிட்டுட்டு, "சோறு ஆறுது"ன்னாரு. செம்புத் தண்ணியில பீச்சக்கையக் கழுவினாரு. தட்டுல சோத்தைத் தள்ளி, அந்தக் கையாலயே பிசைஞ்சாரு. வெறுங்கையால சார், கரண்டி இல்லாம. எங்க அண்ணன் பீச்சக்கையால சோத்தைத் தொட்டு நான் அன்னைக்குத்தான் பாத்தேன். பிசையத் தெரியல, பாதி கீழ சிந்துது. எப்படியோ உருட்டிட்டாரு. பெரிய உருண்டை. அதைத் தூக்கி, "இந்தாலே"ன்னு என் முன்னால நீட்டினாரு.

நான் என்ன சொன்னேன்னா, "அய்யய்யோ அண்ணே, பீச்சக்கை! சாமி சோறுல்லா!"ன்னேன். சொல்லிட்டு ஒரு அடி பின்னால போயிட்டேன். கை ரெண்டும் தானா முதுகுக்குப் பின்னால போயிட்டு.

அண்ணன் கை நீட்டினபடியே இருக்கு. பொறவு அந்த உருண்டைய அய்யனார் இலையில கொண்டுபோய் வச்சாரு. எந்திரிச்சு, யாரு தோளையும் பிடிக்காம, தானா நடந்து போயி ஆத்துல கையக் கழுவினாரு. அந்த வருஷம் யாருக்கும் உருண்டை இல்ல. பிள்ளைங்க பசியில அழுத பொறவு மதினிதான் எல்லாருக்கும் இலையப் போடச் சொன்னா.

வீட்டுக்கு வரையில வேன்ல எங்கூட யாரும் பேசல. நான் சண்முகக்கனியப் பாத்து, "நான் சாமி குத்தம் ஆயிரக் கூடாதுன்னு சொன்னேன், அதுக்கு எல்லாரும் இப்படி மூஞ்சியத் திருப்பினா எப்படி"ன்னேன். அப்பத்தான் அவ அதைச் சொன்னா. படையலுக்கு முந்தின நாளு அண்ணன் ஒவ்வொரு குடிலாப் போயிருக்காரு. அந்தக் காலை இழுத்துக்கிட்டு, பாறை மேலயும் மணல்லயும் நடந்து, வீடு வீடாப் போயி உக்காந்து கேட்டிருக்காரு. "நாளைக்கு நான் இந்தக் கையாலதான் உருண்டை குடுக்க முடியும். பீச்சக்கைதான். வாங்கிக்கிடுவீயளா? மனசுக்கு ஒப்பலேன்னா இப்பவே சொல்லிருங்க"ன்னு. பெரியவங்க, சின்னவங்க, மருமகளா வந்தவங்க எல்லார்ட்டயும். சண்முகக்கனிகிட்டயும் கேட்டிருக்காரு. எல்லாரும், "அதுக்கென்ன, நீங்க குடுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. நான் அந்த நேரம் பாறைக்கு அந்தப் பக்கம் உக்காந்து சிரட்டைய சுரண்டிக்கிட்டு இருந்திருக்கேன். அண்ணன் என்னைத் தாண்டித்தான் அடுத்த குடிலுக்குப் போனாரு. "என்னலே பண்ணுதே"ன்னு கேட்டாரு. நான் துண்டைப் போட்டு மூடிட்டேன்.

இதுதான் சார் என் வழக்கு. மருமகள்ட்ட கேட்டிருக்காரு. என் பொண்டாட்டிகிட்ட கேட்டிருக்காரு. கூடப்பிறந்தவன் நான், எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா இவ்வளவும் நடந்திருக்குமா? முதல் உருண்டை வாங்குறவன் நான்தான? எங்கிட்டல்லா முதல்ல கேக்கணும்? எனக்குப் பொறுக்கல. மறுநாளே மதினிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "என்னை ஏன் விட்டாரு, நான் என்ன அந்நியனா?"ன்னு கத்திட்டேன். மதினி சொன்னா, "நானும் அதைத்தான் கேட்டேன் தம்பி. 'மாசானத்துட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருங்க'ன்னேன். அதுக்கு அவுக சிரிச்சாக. 'அவன்ட்ட என்னத்தப் போயிக் கேக்க, அவன் வாங்குவான்'னு சொன்னாக"ன்னா.

...

ம். குடுங்க, தொட்டிய நான் பிடிச்சுக்கிடுதேன்னு சொல்லலாம்னு பாத்தேன், நீங்க நல்லாத்தான் பிடிச்சிருக்கீய.

அதுக்குப் பொறவு ரெண்டு மாசம் அண்ணன் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் சாப்பிட்டாராம். மதினியக்கூட உள்ள விடல. நான் சும்மா இருக்கல. கடையில வேலை முடிஞ்சா உக்காந்து செதுக்குவேன். பூவரசங்கட்டையில, வாகையில, ஆறு கரண்டி செஞ்சு சண்முகக்கனி கையில குடுத்துவிட்டேன். இப்ப சிலும்பு கிடையாது, கசப்பு கிடையாது. என்ன பண்ணினாங்கன்னு கேட்டா, ஒண்ணு உப்பு ஜாடியில கிடக்கு, ஒண்ணால புளி கரைக்காங்கன்னா. அண்ணன் ஒண்ணைக்கூடத் தொடலையாம்.

நேத்து மதினி போன் பண்ணினா. "நாளைக்கு வாங்க தம்பி"ன்னா. "ஆனா ஒண்ணு. இப்ப அவுக பீச்சக்கையாலதான் எல்லாம் பண்ணுதாக. உள்ளி அரியுதாக, தோசை சுடுதாக. வாரவங்களுக்குத் தன் கையால ஒரு வாய் குடுக்காம விட மாட்டாக. வாங்குறதா இருந்தா வாங்க. கையப் பின்னால கட்டுறதா இருந்தா வராதீங்க. இன்னொரு தடவை அவுகளால தாங்க முடியாது"ன்னா.

வாங்கிக்கிடுதேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அதான் போறேன். காலையிலேயே எந்திரிச்சு மலைக்குப் போயி அந்த செக்போஸ்ட்டுல கேட்டு அண்ணன் கரண்டிய வாங்கிட்டு வந்தேன். இந்தா, பேப்பர்ல சுத்தியிருக்கேன். அவங்க சமையல்கட்டுல பருப்புக் கிண்ட வச்சிருந்தாங்க, ட்யூபு மட்டும் கொஞ்சம் பிஞ்சுபோச்சு. அதே கார்டு. "நான்தான் அன்னைக்கே கொண்டு போங்கன்னு சொன்னேனே, நீங்கதான பெட்டியில போட்டீங்க?"ன்னாரு. நான் குனிஞ்சு கரண்டியப் பேப்பர்ல சுத்தினேன் சார். எல்லார்ட்டயும் ரூல்னு சொன்னேன். அந்தக் கரண்டி இருந்தா என் கரண்டிய அண்ணன் எதுக்குத் தொடப்போறாரு? அதுக்காகத்தான் போட்டேன். உங்களைத் தவிர யார்ட்டயும் நான் இதைச் சொன்னதில்ல.

நான் என்ன நினைச்சேன்னா, வாசல்ல வச்சே இந்தக் கரண்டிய அண்ணன் கையில குடுத்துரணும். அவரு எனக்குக் குடுக்கையில இதால அள்ளிக் குடுத்தா கை படாதுலா? மதினிக்குக் குடுத்த வாக்கும் தப்பாது, என் பழக்கமும்... என்ன அப்படிப் பாக்கீய? சரி, சரி. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாயில இருந்து வெளிய வந்ததும் எனக்கே கேக்கச் சகிக்கல.

ஆனா ஒண்ணு சார். அன்னைக்கு எங்கிட்டக் கேட்டிருந்தா நான் வாங்கியிருப்பேன். சத்தியமா வாங்கியிருப்பேன். என் அண்ணன் கை. என்னை வளத்த கை. அதுல சோத்துக்கை என்ன, பீச்சக்கை என்ன? வாங்கியிருக்க மாட்டேனா? நீங்களே சொல்லுங்க, நான் வாங்கியிருக்க மாட்டேனா?

என்னது, கடலையா? மறுபடியுமா? இல்ல சார், கையை மாத்திக் கு...

பாத்தீயளா. நான் ஒண்ணுமே நினைக்கல. கை தானாப் பின்னால போயிட்டு.

வண்டி வேகத்தைக் குறைக்கான். வீரவநல்லூர்தான், அந்தா ஆர்ச்சு தெரியுது. இந்தக் கரண்டிய நான் என் பைக்குள்ள அடியில போட்டுக்கிடுதேன், பொறவு மதினிகிட்டக் குடுத்துக்கிடலாம். கண்டக்டர் தம்பி, ஆளு இறங்கணும், ஒரு நிமிஷம் நிப்பாட்டு.

சார், கையை எடுத்துராதீங்க. பீச்சக்கைதான், தெரியுது. கடலைய அப்படியே நீட்டிப் பிடிங்க. கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சுக்கிட்டே இருங்க.